5 டன் பெல்ட் 5 டன்னைப் பிடித்து நிறுத்துமா?

லாரியில் சரக்கு கட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் பலத்தில்தான் போய் நிற்கும். இந்த பெல்ட் 5 டன் தாங்கும், லோடும் 5 டன்தான், ஒன்று போட்டால் போதும், பயமாக இருந்தால் இன்னொன்று சேர்த்துப் போட்டுவிடலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே 5 டன் லோடுக்கு 9 பெல்ட் தேவைப்படுவதும் உண்டு, 3 போதும் என்றாவதும் உண்டு. பெல்ட்டும் அதேதான், லோடும் அதேதான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பட்டை, ஃபிலிம், காற்றுப்பை என்று கிடங்கில் கிடக்கும் மற்ற சாமான்கள் எதற்கு என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

## கட்டும் வேலை ஒன்றல்ல, இரண்டு

முதல் வேலை, உதிரியாக இருக்கும் பொருள்களை ஒரே கட்டாக ஆக்குவது. அட்டைப்பெட்டிகளை ஒரு பேலட்டின்மேல் அடுக்கி, பட்டை போட்டு, ஃபிலிம் சுற்றினால் அத்தனை பெட்டிகளும் ஒரே பொருளாக நகரும். பேலட் என்பது ஃபோர்க்லிஃப்டின் முள் நுழைவதற்கு அடியில் இடைவெளி விட்டுச் செய்த மரத்தட்டு; பிளாஸ்டிக்கிலும் வரும்.

இரண்டாவது வேலை, அந்தக் கட்டை வண்டியோடு சேர்த்து நிறுத்துவது. இதற்குப் பெயர் லாஷிங். ராட்செட் பெல்ட் (ராட்செட் என்ற பல்சக்கரக் கைப்பிடியால் முறுக்கி இறுக்குவது), சங்கிலி, கம்பிவடம் எல்லாம் இந்த வேலைக்கானவை.

முதல் வேலை நன்றாக முடிந்திருப்பதைப் பார்த்து இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. கண்ணாடி போல ஃபிலிம் சுற்றிய பேலட்டை லாரியின் தளத்தில் சும்மா வைத்தால், பிரேக் அடிக்கும்போது பெட்டிகள் சிதறாது. ஆனால் மொத்தமும் ஒன்றாக வழுக்கிக்கொண்டு முன்னால் போய் மோதும்.

## லோடு ஏன் நகர்கிறது

பிரேக் லாரியைத்தான் நிறுத்துகிறது. லோடை நிறுத்த வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு விசை வேண்டும். அது கிடைக்காவிட்டால் லோடு வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும்.

எவ்வளவு விசை என்பதற்கு ஊகம் தேவையில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது. துறையில் அதை சிடியு கோடு என்பார்கள். சாலைப் பயணத்துக்கு அது சொல்லும் அளவு இது: முன்பக்கம் லோடு எடையில் 80 சதவீதம், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீதம். 1000 கிலோ லோடு என்றால் திடீர் பிரேக்கின்போது 800 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். (விசையைக் கிலோவிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன், கணக்கு சுலபமாக இருக்கும்.)

"மெதுவாகத்தானே போகிறோம்" என்ற வாதம் இங்கே எடுபடாது. பிரேக்கை முழுதாக அழுத்தும்போது வண்டி எவ்வளவு கடுமையாக நிற்கிறது என்பதை டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்புதான் பெருமளவு முடிவு செய்கிறது. ஊருக்குள் மெதுவாகப் போனாலும் அழுத்தி மிதித்தால் லோடு உணரும் தள்ளல் கிட்டத்தட்ட அதேதான். அது நீடிக்கும் நேரம்தான் குறைவு. வளைவில் விஷயம் வேறு. அங்கே வேகம் கூடக் கூடப் பக்கவாட்டுத் தள்ளல் வேகமாக ஏறும்.

கடலில் இன்னொரு தொல்லை. கடும் அலையுள்ள பகுதிகளுக்கு அதே வழிகாட்டி பக்கவாட்டில் 80 சதவீதம் வரை கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதைவிட மோசம், அது ஓயாது. கப்பல் ஒருமுறை இரு பக்கமும் ஆடி வர 10 விநாடி என்று வைத்தால், ஒரே நாளில் 8640 ஆட்டம். முதல் ஆட்டத்தில் தாங்கிய கட்டு ஐயாயிரமாவது ஆட்டத்தில் தளர்ந்திருக்கலாம்.

## பெல்ட் இழுப்பதில்லை, அழுத்துகிறது

சரி, இப்போது மையமான விஷயத்துக்கு வருவோம்.

அலமாரியில் வரிசையாக நிற்கும் பத்துப் புத்தகங்களை இரு கைகளாலும் இரு ஓரத்திலும் அழுத்தி அப்படியே தூக்கிப் பாருங்கள். நடுவில் இருக்கும் புத்தகத்தை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் விழாது. அதைப் பிடித்திருப்பது அட்டைக்கும் அட்டைக்கும் இடையே உள்ள உராய்வு. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் நடுப்புத்தகம் நழுவும். உங்கள் கை எலும்பு எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எவ்வளவு அழுத்துகிறீர்கள், அட்டை எவ்வளவு வழுக்குகிறது, இந்த இரண்டுதான் கணக்கு.

லோடின் மேலே குறுக்காகப் போட்டு இரு பக்கமும் தளத்தில் மாட்டி முறுக்கும் பெல்ட்டும் இதையேதான் செய்கிறது. அது லோடை முன்னால் போகாமல் பிடித்து இழுப்பதில்லை. லோடைத் தளத்தோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் கூடும் உராய்வுதான் லோடை நிறுத்துகிறது.

எவ்வளவு வழுக்கும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு உராய்வுக் குணகம் என்று பெயர். அது 0.4 என்றால், 1000 கிலோ எடையுள்ள பொருளைத் தள்ளி நகர்த்த 400 கிலோ விசை வேண்டும் என்று அர்த்தம். மரப் பேலட் மரத்தளத்தில் இருந்தால் ஏறக்குறைய 0.4. இரும்பின்மேல் இரும்பு என்றால் 0.2 அளவுக்கு இறங்கிவிடும். நடுவில் ரப்பர் விரிப்பு போட்டால் 0.6.

5 டன் லோடை எடுத்துக்கொள்வோம். முன்னால் தள்ளும் விசை 4000 கிலோ. மரத்தின்மேல் மரம் என்பதால் லோடின் சொந்த எடையே 2000 கிலோ உராய்வைக் கொடுத்துவிடுகிறது. மீதி 2000 கிலோவைப் பெல்ட்டுகள் உண்டாக்க வேண்டும். சாதாரண ராட்செட்டைக் கையால் முறுக்கினால் பெல்ட்டில் சுமார் 300 கிலோ இழுவிசை ஏறும். இரண்டு பக்கமும் சேர்த்து 600 கிலோ கீழே அழுத்தும். அதில் 0.4 மடங்கு, அதாவது 240 கிலோதான் உராய்வாக மாறும். 2000ஐ 240ஆல் வகுத்தால் எட்டேகால் சொச்சம்; எனவே 9 பெல்ட்.

இனி அதே லோடுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். சொந்த எடையே 3000 கிலோ உராய்வு தருகிறது. மீதி 1000 கிலோ. ஒவ்வொரு பெல்ட்டும் இப்போது 360 கிலோ தரும். 3 பெல்ட் போதும். அதுவே இரும்புத் தளத்தில் இரும்புச் சாமானாக இருந்தால்? பற்றாக்குறை 3000 கிலோ, ஒரு பெல்ட் தருவது 120 கிலோ. 25 பெல்ட்! யாரும் போடமாட்டார்கள், போடவும் இடமிருக்காது.

உண்மையான கணக்கில் இதற்குமேல் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள், அதனால் எண்ணிக்கை இன்னும் ஏறும். ஆனால் சங்கதி மாறாது. முழுக் கணக்கிலும் பெல்ட்டின் 5 டன் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? என்னைக் கேட்டால் லாஷிங் சாமான்களில் மிகவும் குறைத்து மதிக்கப்படுவது அந்தக் கறுப்பு ரப்பர் விரிப்புதான். தளத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வது இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவது உதவி. மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் உராய்வைத் தின்றுவிடும்.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: மேலே போட்டு இறுக்கும் பெல்ட் உராய்வைக் கூட்டும் கருவி. அதன் பயனை முடிவு செய்வது முறுக்கிய இழுவிசையும் தளத்தின் வழுக்கலும். அறுபடாமல் எவ்வளவு தாங்கும் என்பது அப்புறம்தான்.

## லேபிளில் இருக்கும் எண்கள்

இஎன் 12195-2 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி செய்த பெல்ட்டில் ஒரு லேபிள் தைத்திருக்கும். நீல லேபிள் என்றால் பாலியெஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிபுரொப்பிலீன். அதிலுள்ள எண்களில் நமக்கு வேண்டியவை இரண்டு.

எல்சி என்பது பெல்ட்டை நேராக இழுக்கும்போது பயன்பாட்டில் அனுமதிக்கும் உச்ச விசை. 50 மில்லிமீட்டர் பெல்ட்டில் இது பொதுவாக 2500 என்றிருக்கும். அலகு டெக்காநியூட்டன், ஏறக்குறைய ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இதைத்தான் பேச்சில் 5 டன் பெல்ட் என்கிறார்கள். பெல்ட்டை வளையமாகச் சுற்றினால் இரண்டு புரியும் சேர்ந்து 5000 தாங்கும் என்பதால் வந்த எண் அது.

எஸ்டிஎஃப் என்பது கைப்பிடியை 50 கிலோ விசையில் இழுத்து முறுக்கினால் பெல்ட்டில் மிஞ்சி நிற்கும் இழுவிசை. சாதாரண ராட்செட்டில் 300 அளவில் இருக்கும், நீண்ட கைப்பிடி உள்ளவற்றில் 500 வரை போகும். மேலே போட்டுக் கட்டும்போது நம் கணக்குக்கு வேண்டியது இந்த எண். கடையில் எல்லோரும் கேட்பதோ முதல் எண்ணை.

கைப்பிடியில் குழாயைச் செருகி நீளமாக்கி முறுக்குவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது கூடாது. ராட்செட்டின் பற்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல; நழுவினால் குழாய் முறுக்குகிறவர் முகத்துக்குத்தான் வரும். இழுவிசை போதவில்லை என்றால் நீண்ட கைப்பிடி ராட்செட்டை வாங்குவதுதான் வழி.

இன்னும் இரண்டு நடைமுறை விஷயங்கள். ராட்செட்டின் உருளையில் பெல்ட் குறைந்தது ஒன்றரைச் சுற்றாவது இருக்க வேண்டும், மூன்றைத் தாண்டக் கூடாது. அப்புறம், லோடின் மூலைகளில் பெல்ட் உரசுவதால் முறுக்கிய பக்கத்தில் உள்ள இழுவிசை எதிர்ப்பக்கத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது. அதனால் ராட்செட்டுகளை ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைப்பது நல்லது.

## கோணமும் முட்டும்

மேலே போட்ட கணக்கில் பெல்ட் செங்குத்தாக இறங்குகிறது என்று வைத்துக்கொண்டோம். லோடு உயரம் குறைவாக இருந்து பெல்ட் சாய்வாகப் போனால், கீழே அழுத்தும் பங்கு குறையும். தளத்தோடு 30 டிகிரி கோணத்தில் போனால் சரிபாதி. இரும்புத் தகடுகள் போன்ற தட்டையான லோடுகளுக்கு மேலே போடும் பெல்ட் அவ்வளவாக உதவாததற்கு இதுதான் காரணம்.

அங்கே வேறு வழிகள் இருக்கின்றன. சிறந்தது முட்டுக் கொடுப்பது. லோடை லாரியின் முன்சுவரோடு இடைவெளியின்றி ஒட்டி வைத்தால், அந்தச் சுவரின் பலத்துக்குள் இருக்கும்வரை முன்பக்கத் தள்ளலை அது வாங்கிக்கொள்ளும். நம் 5 டன் லோடு அப்படி முட்டி நின்றால், பெல்ட்டுகள் பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் மட்டும் பார்த்தால் போதும். மரத்தளத்திலேயே 9 என்பது 3 ஆகிவிடும். மற்றொன்று நேரடிக் கட்டு: லோடில் கொக்கி மாட்ட இடமிருந்தால் அங்கிருந்து தளத்துக்கு நான்கு மூலையிலும் குறுக்காக இழுத்துக் கட்டுவது. இயந்திரங்களையும் வாகனங்களையும் சங்கிலியால் கட்டுவது இப்படித்தான். இங்கே பெல்ட் உண்மையாகவே லோடைப் பிடித்து நிறுத்துகிறது, எனவே எல்சி எண்ணுக்கு இங்கேதான் முழு வேலை.

உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் லோடு வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதற்கு ரப்பர் விரிப்பு மருந்தல்ல. மேற்பகுதியைப் பிடிக்கும் கட்டுதான் வேண்டும்.

## பட்டைகள்: எது நீளும், எது திரும்பும்

இனி முதல் வேலையான ஒன்றாகக் கட்டுவதற்கு வருவோம். இதற்கு மூன்று வகைப் பட்டைகள் உண்டு: இரும்பு, பெட், பிபி. பெட் என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பாலியெஸ்டர் வகை. பிபி என்பது பாலிபுரொப்பிலீன். எது பலமானது என்ற கேள்விக்கு இரும்பு என்று சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். அதனால் எல்லாவற்றுக்கும் இரும்புப் பட்டை போட்டால் என்ன?

லோடு சுருங்கும். மரம் காயும், அட்டைப்பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று அமுங்கும், குலுங்கக் குலுங்க இடைவெளிகள் நிரம்பும். இரும்புப் பட்டை மிகக் கொஞ்சமே நீள்கிறது. அதனால் லோடு சில மில்லிமீட்டர் சுருங்கினாலே அதிலிருந்த இறுக்கம் முழுவதும் போய்விடும்; பட்டை வளையல் போலத் தொங்கும். பெட் பட்டை இறுக்கும்போது நன்றாக நீண்டு, லோடு சுருங்கும்போது தானும் சுருங்கிப் பின்தொடரும். இந்தத் திரும்பும் குணத்தைத்தான் மீள்தன்மை என்கிறோம். பிபி பட்டையும் நன்றாக நீளும், ஆனால் இறுக்கத்திலேயே நாள்கணக்கில் நின்றால் மெல்ல மெல்ல நீண்டு அந்த நீளத்திலேயே தங்கிவிடும். கட்டிய அன்று விறைப்பாக இருந்த பிபி பட்டை சில நாளில் விரலால் தூக்கும்படி ஆவது இதனால்தான்.

ஆகவே அமுங்காத, சூடான, கூர்மையான விளிம்புள்ள உலோகச் சாமானுக்கு இரும்பு. மரம், செங்கல் போன்ற கனமான, அசைந்து அமையும் சரக்குக்குப் பெட். இலேசான பெட்டிகளுக்குப் பிபி.

பட்டையின் பலத்தைப் பேசுகிறவர்கள் அதன் இணைப்பை மறந்துவிடுகிறார்கள். பட்டையை இறுக்கும் கருவி டென்ஷனர்; இரண்டு முனைகளையும் ஒன்றாகப் பிடித்து நெளிப்பது சீலர். இரும்புக்கு உலோக க்ளிப்பை நெளிப்பார்கள். பெட் பட்டைக்குக் கருவியே இரு முனைகளையும் அதிவேகமாக உரசவைத்து, அந்தச் சூட்டில் உருக்கி ஒட்டிவிடும். எந்த முறையானாலும் இணைப்பு பட்டையைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். அட்டவணையில் போட்டிருக்கும் அறுபடு விசை பட்டைக்கு உரியது, கட்டுக்கு உரியதல்ல. பட்டையில் கொக்கி மாட்டிக் கட்டைத் தூக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சுருக்கமாக: ஒன்றாகக் கட்டும் பட்டைக்குப் பலத்தோடு மீள்தன்மையும் வேண்டும், கட்டின் உண்மையான பலம் இணைப்பில் இருக்கிறது.

## ஃபிலிம்

ஸ்ட்ரெட்ச் ஃபிலிமைத் தூசி படாமல் இருக்கச் சுற்றும் உறை என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஒரு இழுத்த ரப்பர் போன்ற பாலிஎத்திலீன் படலம். சுற்றும் இயந்திரத்தில் வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு உருளைகளுக்கு நடுவே அது இழுபட்டு, ஒரு மீட்டர் மூன்று மீட்டருக்கும் மேலாக நீண்டு வெளியே வரும். பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த முயற்சிதான் பெட்டிகளை நெருக்குகிறது. இழுக்காமல் இருபது சுற்று சுற்றினாலும் அது வெறும் உறைதான்.

கையால் சுற்றும்போது அடிக்கடி விட்டுப்போவது அடிப்பகுதி. ஃபிலிம் பெட்டிகளை மட்டும் சுற்றிப் பேலட்டைத் தொடாமல் நின்றுவிட்டால், பெட்டிகள் ஒன்றாகிவிடும், ஆனால் பேலட் தனியாள். திருப்பத்தில் மேலே உள்ளது மொத்தமாகப் பேலட்டைவிட்டு நகரும். முதல் சில சுற்று பேலட்டின் மேல்விளிம்பையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

அடுக்கும் விதமும் இதில் சேரும். அட்டைப்பெட்டியின் பலத்தில் பெரும்பங்கு அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைக்கு நேர் மூலையாக அடுக்கினால் எடை தாங்கும், ஆனால் தூண்கள் தனித்தனியாக ஆடும். செங்கல் கட்டுவது போல மாற்றி அடுக்கினால் ஆடாது, ஆனால் மூலைகள் அடுத்த பெட்டியின் நடுவில் உட்கார்ந்து தாங்கும் எடை வெகுவாகக் குறையும். நல்ல ஃபிலிம் இருந்தால் முதல் முறையே மேல்.

## கன்டெய்னருக்குள்

பெட்டிக்குள் பெட்டி, எங்கே போய்விடப்போகிறது என்று தோன்றும். பொதுவான கன்டெய்னரின் பக்கச் சுவர்கள் ஏற்றக்கூடிய சரக்கின் எடையில் 60 சதவீதத்தையும், முன்சுவரும் கதவும் 40 சதவீதத்தையும் தாங்கும்படி சோதிக்கப்படுகின்றன. அதுவும் விசை சுவர் முழுவதும் சீராகப் பரவினால் மட்டுமே. சாலையில் முன்பக்கத் தள்ளல் 80 சதவீதம் என்று பார்த்தோம். இடைவெளி விட்டு நிற்கும் ஒரு கனமான இயந்திரம் ஓரிடத்தில் மோதினால் சுவர் கிழியலாம்.

தளத்தின் ஓரத்தில் இருக்கும் கட்டு வளையம் ஒவ்வொன்றும் குறைந்தது 1000 கிலோ தாங்க வேண்டும் என்பது தரநிலை. அதில் 2500 கிலோ பெல்ட்டை மாட்டினாலும் அந்தக் கட்டின் பலம் 1000 கிலோ என்றே கணக்கிட வேண்டும்.

எனவே கன்டெய்னருக்குள் இடைவெளியை நிரப்புவதுதான் முதல் வேலை. மரச்சட்டம் வைக்கலாம், அல்லது டன்னேஜ் பேக் எனப்படும் காற்றுப்பையை இரு கட்டுகளுக்கு நடுவே நுழைத்துக் காற்றடிக்கலாம். வெளியே தடித்த காகிதமோ நெய்த பிளாஸ்டிக்கோ, உள்ளே காற்று நிற்கும் பை. அழுத்தம் மிகக் குறைவுதான், பரப்பு பெரிது என்பதால் மொத்த விசை பெரிதாகிறது. கூர்மையான விளிம்பில் வைக்கக் கூடாது. கதவையொட்டி வைக்கவே கூடாது. திறக்கிறவர்மேல் கதவைத் தள்ளிவிடும்.

## கிடங்கிலும் வழியிலும்

கிடங்கில் நிற்கும் சரக்குக்கு பிரேக்கும் இல்லை, வளைவும் இல்லை. அங்கே எதிரி மேலடுக்கின் எடையும் ஈரப்பதமும். ஈரம் ஏறிய அட்டை பலம் இழக்கும், அமுங்கும், பட்டை தளரும். பட்டையை மிகையாக இறுக்கினால் பெட்டியின் மூலையை அதுவே நசுக்கிவிடும். அதற்குத்தான் மூலையில் அட்டையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மூலைக்காப்பு வைக்கிறார்கள். கிடங்கில் ஒரு மாதம் அசையாமல் நின்ற கட்டு லாரிக்கும் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்றுவதற்கு முன் விரலை நுழைத்துப் பார்த்து, தளர்ந்திருந்தால் மறுபடி கட்ட வேண்டும்.

வழியில் செய்ய வேண்டியது, கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி பெல்ட்டுகளை மறுபடி முறுக்குவது. லோடு அமையும் பெரும்பங்கு அந்த ஆரம்பக் குலுக்கலிலேயே நடந்துவிடும். பெல்ட் நீளமாக இருக்கிறதென்று முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சில் நூல்கள் ஒன்றையொன்று வெட்டி, பலம் பாதியளவுக்குப் போய்விடும். அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுப்பட்ட பெல்ட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சேருமிடத்தில் இன்னும் ஒரு கட்டம் இருக்கிறது. பயணத்தில் சாய்ந்த லோடு பெல்ட்டிலோ கதவிலோ முட்டிக்கொண்டு காத்திருக்கும், எனவே எதையும் தளர்த்துவதற்கு முன் சுற்றி வந்து பார்க்க வேண்டும். கன்டெய்னர் என்றால் ஒரு கதவை மட்டும், அதன் பாதையில் நிற்காமல், கொஞ்சமாகத் திறந்து பார்ப்பார்கள். இரும்புப் பட்டையை வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் வேண்டும், எதிரே யாரும் நிற்கக் கூடாது. வெட்டும் இடத்தின் ஒரு பக்கத்தைப் பலகையால் அழுத்திக்கொண்டு வெட்டினால் முனை துள்ளாது.